பொருத்தம் பார்க்கப் போன கண்ணாடி

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க. எடம் பத்தலைன்னு இல்லீங்க. மடியில கண்ணாடி இருக்குது. பஸ்ஸு குலுங்குனா உங்க முழங்கை வந்து இடிச்சிரும். ஒண்ணு ஒடைஞ்சாலும் போச்சு, அப்பறம் ஒட்ட வெக்க முடியாது. மூக்குக்கண்ணாடி இல்லீங்க, கூடு மட்டுந்தான் மூக்குக்கண்ணாடிக் கூடு. பஞ்சு வெச்சு உள்ள படுக்க வெச்சிருக்கறது வேற. சொல்றேன். கரூர்ல எறங்கறீங்களா? அப்ப நேரம் கெடக்குது, சாவகாசமாவே சொல்றேன்.

அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஊட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு, பையன் யாராச்சும் இருக்கறாங்களா? பொண்ணு ஒம்பதாவதுதான் படிக்குதா. சரி சரி, படிக்கட்டும். பழக்கதோசமுங்க, பக்கத்துல யாரு உக்காந்தாலும் வாயில மொதல்ல அதுதான் வருது. என்ற பேரு சென்னியப்பன். கோபிப் பக்கம் வந்து தரகர் சென்னியப்பன் ஊடுன்னு கேளுங்க, சின்னக் கொழந்தைகூட கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து உடும். நானு சேத்து வெச்ச குடும்பம் கோபியில இருந்து காங்கேயம் வரைக்கும் இருக்குதுங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்க. நானு ஆயிரமெல்லாம் சொல்றதில்லை. நாலஞ்சு சொல்லுவேன், அதுவும் யாருக்கும் ஊனம் வராத பொய்யி.

இந்தக் கண்ணாடியில இருக்கறது எங்கூட்டுக்காரிங்க. துளசிமணின்னு பேரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். அவ ஒடம்புல இருந்து துளியூண்டு எடுத்து, இந்தக் கண்ணாடியில ஒட்டி, மருந்துல முக்கி, சாயம் போட்டு வெச்சிருக்கறாங்க. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தா உள்ள ஓடறது எல்லாம் தெரியுமாமா. கட்டிங்க. பொம்பளைங்களுக்கு மார்ல வருமில்லீங்களா, அந்தக் கட்டி. வெளிய சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு மொதல்ல. இப்ப யாரு கேட்டாலும் சொல்றேன். வெக்கத்த எல்லாம் சேலத்து பஸ் ஸ்டாண்டுலயே உட்டுட்டு வந்துட்டேன்.

போன ஆடியிலதான் ஆரம்பிச்சுது. ஆடியில எனக்குச் சோலி கம்மி, முகூர்த்தம் இல்லையே, ஊட்டுலயே கெடப்பேன். ஒருநா சோறு போடறப்ப சொன்னா, "ஏனுங்க, இங்க ஒரு சுண்டைக்காயாட்ட தட்டுப்படுதுங்க"ன்னு. வலிக்குதான்னேன். வலிக்கலைன்னா. வலிக்கலைன்னா என்னத்துக்கு வெசனப்படறே, கம்முனு இருன்னேன். அவ கம்முனு இருக்கறவதான். ஆனா அந்தத் தடவை இல்ல. அவளே ஈரோட்டுக்குப் போற பஸ்ஸ விசாரிச்சு வெச்சிருந்தா. சரி, வான்னு கூட்டிட்டுப் போனேன்.

ஆபரேசன் பண்ற டாக்டரு ஒருத்தரு தொட்டுப் பாத்தாரு. பாத்துட்டு, பக்கத்து ரூமுல ஊசி போட்டு எடுக்கற டாக்டரம்மாகிட்ட அனுப்புனாரு. அந்தம்மா நல்ல அம்மா, பொய் சொல்லக் கூடாது. துளசிமணி கையப் புடிச்சுக்கிட்டு, "எறும்பு கடிச்சாப்புல இருக்கும், அவ்வளவுதான்"னு சொல்லிப் போட்டுச்சு. மக்காநாளு வரச்சொல்லி என்னைய மட்டும் தனியாக் கூப்புட்டு, கேன்சர்னு சொல்லிருச்சு.

அப்பறம் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? "நானு ஒருவாட்டி பாக்கலாமுங்களா?"ன்னு கேட்டேன். அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. அப்பறம் நாற்காலிய நவுத்திப் போட்டு, "வாங்க, இதுல கண்ண வெச்சுப் பாருங்க"ன்னுச்சு.

பாத்தேன். ஊதாப் புள்ளி புள்ளியா, எங்க பாத்தாலும் புள்ளி. அந்தம்மா பக்கத்துல நின்னு வெளக்குது. நல்ல செல்லுன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஒரே அளவுல வரிசையா இருக்குமாமா. இது பாருங்க, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஒட்டாம தனித்தனியா செதறிக் கெடக்குது, நடுவுல இருக்கற கரு உப்பிப்போயிக் கறுத்துக் கெடக்குதுன்னுச்சு. நானு சொன்னேன், "தனித்தனியாத் திரியறதெல்லாம் கெட்டதுங்களாம்மா? அப்படிப் பாத்தா நானுந்தான் ஊடு தங்காமத் திரியறேன்"னு. அந்தம்மா சிரிக்கலை. "நேரமே வந்துட்டீங்க, சின்னதாத்தான் இருக்குது. அடுத்த வாரமே எடுத்துட்டா நல்லா ஆயிருவாங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒருத்தரு பாத்துச் சொன்னதுங்க அது. ஒரே ஒருத்தரு. கண்ணுல பட்டதச் சொல்லுச்சு அந்தம்மா. கட்டத்தப் பாத்து ஜோசியரு சொல்றதும் அப்படித்தான? பன்னண்டு கட்டத்துல கெரகம் எங்கெங்க உக்காந்திருக்குதுன்னு எல்லாரும் ஒண்ணாத்தான் பாக்கறாங்க, ஆனா ஒருத்தரு கூடாதும்பாரு, ஒருத்தரு பேஷா கூடும்பாரு. பெருந்துறையில ஒரு பொண்ணு. ஏழுல செவ்வாயி. மூணு ஜோசியரு கையெடுத்துக் கும்புட்டு ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பன் என்ற கையப் புடிச்சு அழுதாரு. நானு உட்டனா? பவானியில ஒருத்தரப் புடிச்சேன். சொக்கத் தங்கமான சாதகம்னு எழுதிக் குடுத்தாரு. இன்னைக்கு அந்தப் பொண்ணு ரெண்டு கொழந்தையோட தறி ஓட்டி நல்லா இருக்குது. அந்த மூணு பேரு பேச்சக் கேட்டிருந்தா அது இன்னிக்கும் அப்பன் ஊட்டுலதான உக்காந்திருக்கும்?

அட, அவ்வளவு தூரம் ஏனுங்க போகோணும். என்ற கல்யாணமே அப்படித்தான். துளசிமணி சாதகத்தப் பாத்த ஜோசியரெல்லாம், இந்தப் பொண்ணுக்குத் தாலி தங்காது, கட்டுனவன் சீக்கிரம் போயிருவான்னு சொல்லிட்டாங்க. எங்கப்பன் அசையலையே. ஊரு ஊராப் போயி நாலாவதா ஒருத்தரப் புடிச்சு, நல்லது சொன்னதும்தான் வெத்தலை பாக்கு மாத்துனாரு. பாருங்க, நானு கல்லாட்ட இருக்கறேன். போனது யாருங்க? ஒருத்தரும் போகலை. அவளும் இருக்கறா.

அதனால, ஆடி போகட்டும், ஆடியில கத்தி வெக்க வேண்டாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டு, ஊசியில எடுத்துத் தேச்ச கண்ணாடியக் கேட்டேன். வேற எடத்துல காட்டோணும்னு கேட்டா குடுத்துருவாங்க, அது நம்ம உரிமையாமா. அந்தம்மா குடுக்கறப்ப, "காட்டுங்க, நல்லதுதான். ஆனா நாளக் கடத்தாதீங்க"ன்னுச்சு. துளசிமணி வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. அவளுக்கு நானு முழுசாச் சொல்லலை. லேசா ஒரு சந்தேகமாமா, இன்னொரு எடத்துல பாக்கோணும்னேன். அவ என்ற மூஞ்சியப் பாத்துட்டு, "அந்தம்மா சொன்னதே போதுமுங்க. அறுத்துட்டு வந்துரலாம். எனக்கு அது இருந்தென்ன போயென்ன"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு ஜோசியர் பேச்சக் கேட்டு யாராச்சும் கல்யாணத்த நிறுத்துவாங்களாடின்னு சத்தம் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வெள்ளந்தி. ஊட்டுக்கும் கோயிலுக்கும் போயி வந்தவ.

ஆவணி பொறந்துச்சு. ஆவணியில என்னைய யாரும் புடிக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும், முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். அதுக்கு நடுவுலயும் ஒருநா ஒதுக்கிச் சேலத்துக்குப் போனேன். அவளக் கூட்டிட்டுப் போகலை. எதுக்குங்க? பொருத்தம் பாக்கறதுக்குச் சாதகத்த எடுத்துட்டுப் போனாப் போதாதா, பொண்ணையும் தூக்கிட்டா போறாங்க?

சேலத்துல வயசான டாக்டரு ஒருத்தரு. தலையெல்லாம் நரைச்சு, பாத்தாலே நம்பிக்கை வர்ற ஆளு. முந்தி ஈரோட்டுல பாத்தத நானு மூச்சு உடலை. சொல்லிட்டா அவரு மனசு அதும்பின்னாலயே போயிருமுங்க. ஜோசியர்கிட்டயும் அதச் சொல்லக் கூடாது, அது எங்க தொழிலோட மொதப் பாடம். ஆனா அவரு கண்ணாடியில எழுதியிருந்த நம்பரப் பாத்தே புடிச்சிட்டாரு, எங்கயோ பாத்திருக்கீங்கன்னு. ஒவ்வொரு கண்ணாடியா வெச்சு, திருகித் திருகிப் பாத்தாரு. பாத்துட்டு, "அவங்க என்ன சொன்னாங்களோ அதேதான். சந்தேகமே வேண்டாம். ஆபரேசனுக்குப் போங்க"ன்னுட்டாரு.

எனக்குப் பொக்குனு போயிருச்சு. எந்திரிக்கப் போறப்ப அவரே ஒண்ணு சொன்னாரு. ஒரு கண்ணாடியத் தனியாத் தள்ளி வெச்சு, "இதுல வெறும் ரத்தந்தான் இருக்குது, செல்லே சரியா உழுகலை. மத்ததுல தெளிவாத் தெரியுது"ன்னாரு. அவரு என்னத்துக்குச் சொன்னாரோ. என்ற காதுல அது வேற மாதிரி உழுந்துச்சு. அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்து, கைக்குட்டையில சுத்தி, சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். மத்தது கூட்டுல போச்சு.

மோசடின்னு பாக்கறீங்களா? உங்க மூஞ்சி சொல்லுதே. இல்லீங்க. ஒரு பொண்ணுக்கு ரெண்டு சாதகம் இருக்கும், பொறந்த நேரம் அஞ்சு நிமிசம் முன்னபின்ன எழுதியிருப்பாங்க. எது நல்லா இருக்குதோ அதத்தான வெளிய எடுப்போம்? கெட்டத எடுத்து முத்தத்துல காயப்போடற அப்பன் எவனாச்சும் இருக்கறானா?

ஐப்பசியில கோயமுத்தூருக்குப் போனேன். அங்க லேபுல சின்ன வயசு டாக்டரு, மீசைகூடச் சரியா மொளைக்கலை. அவருகிட்ட அந்த ஒரு கண்ணாடியக் குடுத்தேன். வேற கண்ணாடி இல்லீங்களான்னாரு. இல்லைன்னேன். முன்னால எங்காச்சும் பாத்தீங்களான்னாரு. இல்லைன்னேன். ரெண்டு பொய்யி. மூணாவது கேக்கறதுக்குள்ள மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சுட்டாரு. தலையத் தூக்கிச் சொன்னாரு: "இந்தக் கண்ணாடியில கேன்சர் செல்லு எதுவும் இல்லீங்க. ஆனா..."

ஆனாவுக்கு அப்பறமும் அவரு பேசுனாரு. இல்லைங்கலை. போதுமான செல்லு இல்லை, இத வெச்சுக் கட்டி நல்லதுன்னு சொல்ல முடியாது, அம்மாவக் கூட்டிட்டு வாங்க, மறுபடி ஊசி போட்டு எடுத்துப் பாக்கலாம், தள்ளிப் போடாதீங்கன்னு என்னென்னமோ சொன்னாரு. நானு தலையாட்டுனேன். எங்க தொழில்ல ஆனாவுக்கு முன்னால வர்றதத்தானுங்க எடுத்துக்கோணும். மாப்பிளை தங்கமானவரு, ஆனா அப்பப்பக் கடைக்குப் போவாரும்பாங்க. பொண்ணு லட்சுமியாட்ட இருக்குது, ஆனா கொஞ்சம் வாயிம்பாங்க. ஆனாவக் காதுல போட்டுக்கிட்டா இந்தக் கொங்கு நாட்டுல ஒரு கல்யாணம் நடக்குமுங்களா?

அங்க நின்னே போன் போட்டேன். "ஒண்ணுமில்லையாமா புள்ளே, கேன்சர் செல்லு ஒண்ணுகூட இல்லையாமா"ன்னேன். அவ, "சாப்டீங்களா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். நல்ல சேதிக்கு ஒரு பொம்பளை இப்படியா பேசுவா?

பண்ணாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். அந்த வாரமே போயி மொட்டை போட்டுக்கிட்டேன். இப்ப மொளைச்சிருச்சு, பாருங்க. அவளையும் கூட்டிட்டுத்தான் போனேன். அம்மன் முன்னால நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுவா எப்பவும். அன்னைக்கு ஒரு கைதான் மேல போச்சு. இன்னொண்ணு நெஞ்சுகிட்டயே நின்னுருச்சு. என்னன்னேன். "மரத்துப் போச்சுங்க"ன்னா. வாயுவா இருக்கும், பூண்ட வேக வெச்சுத் தின்னுன்னேன். தின்னா, நானு சொன்னா எதையும் தட்ட மாட்டா.

கொடுமுடி தாண்டிட்டமுங்களா? தாண்டிட்டோம். நேரம் போறதே தெரியலை.

கார்த்திகைக்கு மக வந்தா. கோகிலவாணி, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. வெளக்கு வெக்கறப்ப அம்மாவால தட்டத் தூக்க முடியலைன்னு பாத்திருக்கறா. கை வேற வீங்கியிருக்குது. உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்துனா. நானு வாசல்ல நின்னு வெளக்கு அணையாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து என்ற மக போட்ட சத்தம் இருக்குதே, அது இன்னும் இந்தக் காதுலயே இருக்குதுங்க. கட்டி தோலக் கிழிச்சுட்டு வெளிய வந்திருக்குது. அவ துணிய மடிச்சு மடிச்சு உள்ள வெச்சுக்கிட்டு, எங்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கறா. பக்கத்துலயே படுத்துக் கெடந்த எனக்குத் தெரியலை. எப்படித் தெரியும்? கோயமுத்தூர் டாக்டரு இல்லைன்னு சொல்லிட்டாரே.

விடியறதுக்குள்ள கார் புடிச்சு ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா மக. நானும் முன்னால ஏறி உக்காந்துக்கிட்டேன். அதே டாக்டரு. அவரு துளசிமணியப் பாத்த ஒடனே அடையாளம் கண்டுக்கிட்டாரு. தொட்டுப் பாத்தாரு, கக்கத்துல பாத்தாரு, கழுத்துல பாத்தாரு. ஸ்கேனுக்கு அனுப்புனாரு. படம் வந்ததும் மறுபடியும் கூப்புட்டாரு. ஊசி எடுத்த அந்த டாக்டரம்மாவும் வந்து நின்னுச்சு. மக நிக்கறா, நர்சுங்க நிக்கறாங்க. அவரு மேசையில கைய ஊனிக்கிட்டுக் கேட்டாரு, "ஆடியில வந்தீங்க. அடுத்த வாரமே வரச்சொன்னோம். இத்தனை மாசம் எங்க போயிருந்தீங்க?"

என்னையப் பாத்துத்தான் கேட்டாரு. எனக்கு வாயி வரலைங்க. பேசியே பொழைக்கறவன் நானு. பொண்ணு ஊட்டுக்காரனும் மாப்பிளை ஊட்டுக்காரனும் அருவா எடுத்துக்கிட்டு நின்ன எடத்துலகூடப் பேசி வெத்தலை மாத்த வெச்சிருக்கறேன். அப்பத்தான் துளசிமணி சொன்னா.

"அவரு வரச்சொல்லித்தான் தெனமும் சத்தம் போட்டாருங்க. நாந்தான் கத்திக்குப் பயந்துட்டு வர மாட்டேன்னுட்டேன்."

டாக்டரு அவளத் திட்டுனாரு. சும்மா இல்லீங்க, நெம்பத் திட்டுனாரு. உங்கள மாதிரிப் பயந்தே எத்தனை பேரு சாகறீங்க, கட்டுன புருசன் பேச்சக் கேக்க மாட்டீங்களான்னாரு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, சரிங்க சரிங்கன்னு வாங்கிக்கிட்டா. மக என்னையப் பாக்கறா. ஊசி எடுத்த அம்மாவும் என்னையே பாக்குது, அதுக்குத்தான் தெரியுமே, கண்ணாடிய வாங்கிட்டுப் போனது நாந்தானே. ஆனா அதுவும் ஒண்ணும் பேசலை. அவளே பேசிட்ட பொறவு என்ன பேசறதுன்னு உட்டுருச்சாட்ட இருக்குது.

அவ எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்குப் புரியவே இல்லை. அவ எங்கங்க பயந்தா? மொத நாளே அறுத்துரலாம்னு சொன்னவ அவ. ஊட்டுக்கு வந்த பொறவு கேட்டேன், ஏண்டி அப்படிச் சொன்னேன்னு. அவ சொல்றா, "நாலு பேருக்குச் சம்பந்தம் பேசற ஆளு நீங்க. அத்தனை பேரு முன்னால தல குனிஞ்சு நின்னீங்கன்னா, நாளைக்கு எவன் உங்கள நம்பிப் பொண்ணு குடுப்பான்?" பாத்தீங்களா, அந்த நெலமையிலயும் அவளுக்கு என்ற தொழிலுதான் கண்ணுக்கு முன்னால நிக்குது. அதுக்கு நானு என்ன செய்யறதுங்க? என்ன செய்ய முடியும்னு சொல்லுங்க.

அறுக்கற நெலமை தாண்டிப் போச்சாமா. ஈரல்ல எறங்கிருச்சு, எலும்புலயும் இருக்குதாமா. மருந்து ஏத்தலாம், வலி தெரியாம வெச்சுக்கலாம், அவ்வளவுதான் எங்க கையில இருக்குதுன்னுட்டாங்க. இந்தவாட்டி ஊசி இல்லை, சதையவே கிள்ளி எடுத்துப் புதுக் கண்ணாடி போட்டாங்க. எந்த மருந்து கேக்கும்னு பாக்கறதுக்காமா. அந்தக் கண்ணாடிதான் இது. இதையும் கேட்டு வாங்கிட்டேன்.

மக எங்கூடப் பேசறதில்லை. திருப்பூருக்கும் போகலை, அம்மாளோடவே இருக்கறா. பேசுனது ஒருவாட்டி, நானு கண்ணாடிக் கூட்ட எடுத்துத் துடைக்கறதப் பாத்துட்டு. "அப்பா, இனி அந்தக் கண்ணாடியத் தொட்டீங்கன்னா நானு மனுசியா இருக்க மாட்டேன்"ன்னா. ஏன் கண்ணு, இன்னொரு எடத்துல காட்டறதுல என்ன தப்புன்னு கேட்டேன். அவ உள்ள போயிட்டா. படிச்ச புள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்.

துளசிமணிதான் எனக்காகப் பேசுனா. இன்னைக்குக் காலையிலயும், "அந்தக் கூட்ட எடுத்து அப்பாகிட்டக் குடு கண்ணு, போயிட்டு வரட்டும்"னு மககிட்டச் சொன்னா. அவளால உக்கார முடியாதுங்க இப்ப. எலும்பு தாங்கறதில்லை. தலகாணிய அண்டக் குடுத்துக்கிட்டு, என்னையப் பாத்துச் சொல்றா: "ஊட்டுல உக்காந்துக்கிட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்காதீங்க. நீங்க பாக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது. நாலு எடம் போயிட்டு வாங்க. நீங்க போறீங்கன்னா எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருது." எங்க கல்யாணத்துல இருந்து அவ எங்கிட்டப் பேசுனதுலயே நீளமான பேச்சு அதுதான்னு நெனைக்கறேன்.

அதான் கெளம்பிட்டேன். டீக்கடையில ஒருத்தரு திருச்சியில நல்லாப் பாக்கறாங்கன்னாரு. நேத்து போன் பண்ணுனேன். கண்ணாடியக் கொண்டாந்தாப் போதாது, நோயாளி வந்தாத்தான் ஏதாச்சும் சொல்ல முடியும்னுட்டாங்க. அவளால எப்படிங்க வர முடியும்? ஈரோட்டுக்கே படுக்க வெச்சுத்தான் கொண்டு போனோம். இதுதான் வரும். அவகிட்ட இருந்து எங்கூட வரக்கூடியது இது ஒண்ணுதான். இத வெச்சுப் பாருங்கன்னு காலப் புடிச்சாச்சும் கேப்பேன். கேக்கறதுக்கு வெக்கமில்லை எனக்கு.

உங்களுக்கு எல்லாம் தெரியுது, இல்லீங்களா? நானு சொல்லச் சொல்ல உங்க மூஞ்சி போற போக்கப் பாத்தேன். அந்தம்மா மூஞ்சியும் அப்படித்தான் போச்சு, மக மூஞ்சியும் அப்படித்தான். என்னைய யாரும் மூடன்னு நெனைச்சுக்க வேண்டாம். புள்ளி செதறிக் கெடக்கறத நானும் இந்தக் கண்ணால பாத்தவன். கண்ண மூடுனா அதுதான் வருது. பஸ்ஸுல கண்ண மூட முடியலை, அதனாலதான் யாரு கெடைச்சாலும் பேசிக்கிட்டே வர்றேன்.

வேலாயுதம்பாளையமே தாண்டிருச்சு. உங்க பையி அந்தப் பக்கம் கெடக்குது, எடுத்துக்கங்க. நெரிசலா இருக்குது, மெதுவா எறங்குங்க.

சித்த இருங்க. ஒண்ணே ஒண்ணு. திருச்சியிலயும் பாக்க மாட்டேன்னுட்டா அப்பறம் எங்க போறதுன்னு எனக்குத் தெரியலீங்க. இதுவரைக்கும் ஒரு எடம் முடிஞ்சா அடுத்த எடம் தெரிஞ்சிருக்கும். இப்பத்தான் மொதவாட்டி தெரியலை. கரூர்ப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டரு யாராச்சும் இருக்கறாங்களா? இந்தக் கண்ணாடியப் பாத்துச் சொல்றவங்க? சொந்தக்காரங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க, யாரா இருந்தாலும் சரி.

தெரியாதுங்களா?

தெரியாட்டியும் பரவால்லீங்க. ஏதாச்சும் ஒரு பேரு, ஒரு ஊரு சொல்லிட்டு எறங்குங்க. அப்படி ஒரு டாக்டரே இல்லீன்னாலும் பரவால்லை, நானு வந்து உங்களக் கேக்க மாட்டேன். தேடிப் போறதுக்கு ஒரு எடம் இருந்தாப் போதும். கண்டக்டர்தான் விசில் அடிக்கட்டுமே, இருங்க. நாளைக்கு அந்த ஊட்டுல உக்கார என்னால முடியாதுங்க.